ஐந்து ஸ்விட்சுகளும் ஐந்து கேபிள்களும்: சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 ஸ்டாக் பற்றிய மதிப்புரை

48 போர்ட் கொண்ட ஐந்து கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்சுகளை (கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகளை) ஒரே ரேக்கில் பொருத்தி, ஒரே ஸ்டாக்காக, அதாவது ஒரே ஸ்விட்சைப் போல இயங்கும் தொகுப்பாக இணைத்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறோம். இந்த ஸ்விட்சைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் முன்பக்கத்தையே பேசுகிறார்கள். எத்தனை போர்ட், எவ்வளவு பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே கொடுக்கும் மின்சாரம்), எந்த அப்லிங்க் (மற்ற நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) மாட்யூல் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் பின்பக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அங்கே ஒவ்வொரு ஸ்விட்சிலும் இரண்டு ஸ்டாக் போர்ட்டுகள் இருக்கின்றன; அந்த இரண்டிலும் எந்தக் கேபிள் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான், வாங்கிய ஐந்து ஸ்விட்சும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமா, அல்லது ஒன்று விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழுமா என்பது தீர்மானமாகிறது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயனர்களின் கணினிகளும் தொலைபேசிகளும் வைஃபை கருவிகளும் வந்து சேரும் அணுகு அடுக்குக்கு இது மிக நல்ல ஸ்விட்ச். அந்த இடத்துக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் ஸ்டாக் என்றாலே ரிடண்டன்சி (ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும் தன்மை) தானாக வந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டாக் கேபிள்களின் வளையம் மூடியிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் இல்லாத இடத்தில், இந்த ஸ்விட்சின் சிறந்த அம்சமே வீணாகிவிடும்.

இந்த ஸ்டாக் தொழில்நுட்பத்தின் பெயர் ஸ்டாக்வைஸ்-480. அந்த 480 எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கேபிளிங்கின் முக்கால் பங்கு புரிந்துவிடும். ஸ்விட்சுகளைச் சுற்றி ஓடும் வளையம் உண்மையில் ஒன்றல்ல, ஆறு. ஒவ்வொன்றும் 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 40 கிகாபிட்). ஆக மொத்தம் 240 ஜிபிபிஎஸ். ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தான் போக வேண்டிய ஸ்விட்சை அடைந்தவுடன் அங்கேயே வளையத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடுவதால், வளையத்தின் மீதிப் பகுதி அதே நேரத்தில் வேறொரு பாக்கெட்டைச் சுமக்கலாம். இப்படி ஒரே வளையத்தின் வெவ்வேறு பகுதிகள் ஒரே சமயத்தில் பயன்படுவதைக் கணக்கில் எடுத்துத்தான் 480 என்கிறார்கள். 3750 ஸ்விட்சில் வந்த முதல் ஸ்டாக்வைஸில் இந்த வசதி இல்லை. அங்கே பாக்கெட் வளையம் முழுவதையும் சுற்றி, அனுப்பிய ஸ்விட்சிடமே திரும்பி வந்த பிறகுதான் நீக்கப்படும். ஒரே ஸ்விட்சின் இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே போக வேண்டிய பாக்கெட்டுகூட வளையத்தைச் சுற்றியாக வேண்டும். அந்த வளையத்தின் வேகமும் 32 ஜிபிபிஎஸ்தான். பழைய 3750 ஸ்டாக்கைப் பராமரித்தவர்கள் வளைய நெரிசலைப் பற்றிக் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. 9300-இல் அந்தக் கவலை பெரும்பாலும் தேவையில்லை.

ஏன் தேவையில்லை என்பதற்கு எங்கள் ஸ்டாக்கின் கணக்கையே காட்டுகிறேன். ஒரு ஸ்விட்சில் 48 போர்ட், ஒவ்வொன்றும் 1 ஜிபிபிஎஸ். ஐந்து ஸ்விட்சின் 240 போர்ட்டுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் அனுப்பினாலும் 240 ஜிபிபிஎஸ்தான் ஆகும். அப்படி ஒரு நொடி எந்த அலுவலகத்திலும் வருவதில்லை. வந்தாலும், வெளியே போகும் இரண்டு 10 ஜிபிபிஎஸ் அப்லிங்க்கில்தான் எல்லாம் முட்டி நிற்கும், வளையத்தில் அன்று. பல 10 ஜிபிபிஎஸ் போர்ட் கொண்ட மல்டிகிக் மாடல்களை அடுக்குபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். 24 போர்ட்டும் 10 ஜிபிபிஎஸ் என்றால் ஒரே ஸ்விட்ச் 240-ஐத் தொட்டுவிடும். சாதாரண 1 ஜிபிபிஎஸ் ஸ்டாக்குக்கு வளையத்தின் வேகம் தாராளமாகவே இருக்கிறது.

சிக்கலும் இந்தத் தாராளத்திலிருந்தே தொடங்குகிறது. வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தாலோ கழன்றாலோ, ஸ்டாக் அரை வளையமாக மாறி, வேகம் பாதியாகிறது. அந்தப் பாதியே நமக்குப் போதும் என்பதால் பயனர் ஒருவரும் வேறுபாட்டை உணர மாட்டார். எந்தப் புகாரும் வராது, எந்தக் கோப்பும் மெதுவாக இறங்காது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஸ்டாக் ஒரு வளையமாக இல்லாமல் வெறும் சங்கிலியாகிவிட்டது. இன்னொரு கேபிளோ நடுவில் இருக்கும் ஒரு ஸ்விட்சோ போனால் அது இரண்டு துண்டாகிவிடும். வேகம் குறைந்ததை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் அந்தத் துண்டாகும் நாள் வரை காத்திருப்பார்.

அப்படி ஒரு நாளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது வேறு இடம், வேறு தயாரிப்பு. எட்டு ஸ்விட்ச் கொண்ட ஸ்டாக். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே ஒரு பேட்ச் பேனலும் ஒரு கேபிள் மேனேஜரும் இருந்ததால், அடுத்தடுத்த ஸ்விட்சுகளுக்கு இடையே மூன்று யூனிட் (ரேக்கின் உயர அளவு) தூரம். ஸ்விட்சுகளோடு வந்தவை எல்லாம் அரை மீட்டர் கேபிள்கள். பொருத்த வந்தவர்கள் மேலிருந்து கீழாக ஒன்றோடு ஒன்றை இணைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எட்டாவதிலிருந்து முதலாவதுக்குத் திரும்பும் கேபிள் எட்டவில்லை. நீளமான கேபிள் பிறகு வரும் என்று விட்டுவிட்டார்கள். அது வரவே இல்லை. எல்லாம் வேலை செய்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

பல மாதங்கள் கழித்து ஐந்தாவது ஸ்விட்ச் மின்சாரம் இழந்தது. கீழே இருந்த மூன்றும் மேலே இருந்த நான்கிலிருந்து பிரிந்தன. ஒரு ஸ்டாக்கை ஆள்வது ஆக்டிவ் ஸ்விட்ச்; அது போனால் பொறுப்பேற்கத் தயாராக நிற்பது ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் கீழ்ப் பகுதியில் இருந்ததால், அது ஆக்டிவ் ஸ்விட்ச் செத்துவிட்டதாக முடிவு செய்து தானே பொறுப்பேற்றுக்கொண்டது. மேலே பழைய ஆக்டிவும் உயிரோடுதான் இருந்தது. இப்போது ஒரே ஐபி முகவரி, ஒரே மேக் முகவரி (வன்பொருள் முகவரி), ஒரே கான்ஃபிகரேஷனோடு இரண்டு ஸ்டாக்குகள். அப்லிங்க் ஒன்று முதலாவது ஸ்விட்சிலும் இன்னொன்று எட்டாவதிலும் இருந்தன. இரண்டும் ஒரே எல்ஏசிபி (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் நெறிமுறை) அடையாளத்தைக் காட்டியதால், நெட்வொர்க்கின் மையத்தில் இருந்த கோர் ஸ்விட்ச் இரண்டையும் ஒரே குழுவாகவே நம்பிப் பாக்கெட்டுகளைப் பங்கிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. மேல் பகுதியில் இருந்த கணினிக்கான பாக்கெட் கீழ் அப்லிங்க்கில் இறங்கினால் அங்கேயே தொலைந்தது. இதன் விளைவு விசித்திரமானது. ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு தளம் திறந்தது, மற்றொன்று திறக்கவில்லை; பக்கத்து மேசைக்காரருக்கு அது நேர்மாறாக இருந்தது. கண்காணிப்புத் திரையில் ஸ்டாக் பச்சையாகவே தெரிந்தது, ஏனென்றால் அந்த ஐபி முகவரிக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு ஸ்விட்ச் செத்தது எங்களுக்கு உடனே தெரிந்தது; ஒரு கேபிள் இல்லாததைக் கண்டுபிடிக்கத்தான் பிற்பகல் முழுவதும் ஆனது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது இந்த 9300 ஸ்டாக் என்பதால், இதில் கேபிளின் பாதையை ரேக்கைத் தொடுவதற்கு முன்பே தாளில் வரைந்துகொண்டோம். ஸ்டாக்வைஸ்-480 கேபிள் 50 செ.மீ., 1 மீ., 3 மீ. என மூன்று நீளங்களில் கிடைக்கிறது. ஒரு ரேக் யூனிட் 4.45 செ.மீ. எங்கள் ரேக்கிலும் ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு யூனிட் பேனல்கள் உண்டு என்பதால் முதல் ஸ்விட்சுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே பன்னிரண்டு யூனிட், அதாவது ஏறத்தாழ 53 செ.மீ. நேர்க்கோட்டில் இழுத்தாலே அரை மீட்டர் கேபிள் எட்டாது. எட்டு ஸ்விட்ச் என்றால் அந்தத் தூரம் 93 செ.மீ.; வளைவுகளுக்கும் இடம் விட வேண்டும் என்பதால் 1 மீ. கேபிளும் போதாது. 3 மீ. கேபிள் போட்டால் இரண்டு மீட்டர் தடித்த கேபிள் ரேக்கின் பின்னால் சுருண்டு தொங்கும்.

இதற்குச் சீரான வழி ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழாக வரிசையாக இணைத்துவிட்டு ஒரே நீளக் கேபிளால் திரும்புவதற்குப் பதிலாக, ஒன்று விட்டு ஒன்றாகப் பின்ன வேண்டும். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமாக இறங்கி, இரட்டைப்படை எண்கள் மறுபக்கமாக ஏற வேண்டும். எங்கள் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மீண்டும் ஒன்றுக்கு. எந்தக் கேபிளும் ஆறு யூனிட்டுக்கு மேல், அதாவது 27 செ.மீ.க்கு மேல், கடக்க வேண்டியதில்லை. ஐந்து ஸ்விட்சானாலும் எட்டு ஸ்விட்சானாலும் அரை மீட்டர் கேபிள்களே போதும். நான் மேலே சொன்ன அந்த எட்டு ஸ்விட்ச் ஸ்டாக்கையும் கையில் இருந்த கேபிள்களை வைத்தே அன்றைக்கே மூடியிருக்கலாம். புதிதாகப் பெட்டியைப் பிரிப்பவர் எவரும் இந்தப் பின்னலை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னலில் ஒரு குறை உண்டு. ரேக்கில் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் வளையத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. இரண்டும் மூன்றும் ரேக்கில் அடுத்தடுத்து இருக்கின்றன. வளையத்திலோ அவற்றுக்கு இடையே முதலாவது ஸ்விட்ச் இருக்கிறது. அவசரத்தில் பின்னால் போய் நிற்பவர் கண்ணை நம்பினால் தவறான கேபிளைக் கழற்றிவிடுவார். ஆகவே ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எந்த ஸ்விட்சின் எந்த ஸ்டாக் போர்ட்டிலிருந்து எதற்கு என்று சீட்டு ஒட்டினோம். ஒவ்வொரு ஸ்விட்சின் முதல் போர்ட்டும் அடுத்ததன் இரண்டாவது போர்ட்டுக்குப் போகும்படி ஒரே முறையைக் கடைப்பிடித்தோம். எந்தப் போர்ட்டை எதனோடு இணைத்தாலும் ஸ்டாக் எழுந்துவிடும் என்பது உண்மைதான், ஆயினும் இரவு நேரத்தில் திரையில் தெரியும் அட்டவணையைக் கேபிளோடு ஒப்பிடும்போது இந்த ஒழுங்கு பெரிதும் உதவுகிறது.

கேபிளையே சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். அது சாதாரண நெட்வொர்க் கேபிளைப் போல விரலால் மடிக்கக்கூடியதன்று; தடித்தது, விறைப்பானது, ஒரு முறை வளைத்தால் அந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்வது. முனையில் ஓர் அகலமான கனெக்டர், அதன் இரு புறமும் கையால் திருகும் ஸ்க்ரூ. நிறுவனத்தின் சின்னம் மேலே பார்க்குமாறு பிடித்து, நேராகத் தள்ளி, பிறகு இரண்டு ஸ்க்ரூவையும் விரலாலேயே வலப்புறமாகத் திருகி இறுக்க வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். கேபிளின் விறைப்பு கனெக்டரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கனெக்டர் கோணலாக உட்கார்ந்துவிடும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகினால் நேராக உட்காரும். ஸ்க்ரூ சுழல்வது நின்றுவிட்டதை வைத்து முழுதாக உட்கார்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. கனெக்டருக்கும் ஸ்விட்சின் உடலுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், முதல் நாளே எங்களுக்கு ஒரு கேபிள் சரியாக உட்காரவில்லை. பொருத்தியது நாங்கள்தான், ஸ்விட்சின் மேல் பிழை இல்லை. ஐந்தும் எழுந்து, எல்லாம் ரெடி என்று காட்டின. முன்பக்கத்தில் எந்த விளக்கும் எச்சரிக்கவில்லை. ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்’ என்ற கட்டளையைக் கொடுத்தபோதுதான் வளையம் பாதி என்று எழுதியிருந்தது. நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான கனெக்டர் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது; கழற்றி மறுபடி பொருத்தியதும் முழு வளையமாகிவிட்டது. அந்தக் கட்டளையைக் கொடுக்காமல் போயிருந்தால், நான் வருத்தத்தோடு விவரித்த பழைய ஸ்டாக்கின் நிலையிலேயே இதுவும் தன் வாழ்வைத் தொடங்கியிருக்கும்.

அன்றாடப் பராமரிப்புக்கு இந்த ஸ்விட்ச் தரும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி’ என்ற கட்டளையின் அட்டவணை. ஒவ்வொரு ஸ்டாக் போர்ட்டுக்கும் ஒரு வரி. அதில் எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்சின் எண், கேபிளின் நீளம், இணைப்பு சரியாக இருக்கிறதா என்ற விவரங்கள். கடைசிக்கு முந்தைய பத்தியில் ஓர் எண் இருக்கும். அந்தப் போர்ட்டின் இணைப்பு எத்தனை முறை போய் வந்திருக்கிறது என்பதன் கணக்கு அது. எங்கள் பத்துப் போர்ட்டுகளிலும் அது சிறிய எண்ணாகவே நிற்க வேண்டும். ஏதாவது ஒன்றில் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், அந்தக் கேபிள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தாலும் அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று பொருள். வாரம் ஒரு முறை இந்த அட்டவணையைச் சேமித்து, முந்தைய வாரத்தோடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். இந்த ஸ்டாக்கில் நாங்கள் செய்த வேலைகளில் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் அதுவே.

எண்கள் விஷயத்திலும் சிறிது பொறுமை வேண்டும். பெட்டியிலிருந்து வரும் எல்லா ஸ்விட்சும் தன்னை ஒன்று என்றே நினைத்துக்கொண்டு வரும். சேர்ந்தவுடன் தங்களுக்குள் வேறு எண்களைப் பிரித்துக்கொள்ளும். ரேக்கில் மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஐந்து வரை இருக்க வேண்டும் என்றால் நாமே எண்ணை மாற்றி, ஸ்விட்சை மறுபடி ஏற்ற (ரீலோட் செய்ய) வேண்டும். ஆக்டிவ் யார் என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கிறது. 1 முதல் 15 வரை கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் எல்லாருக்கும் 1, அப்போது மிகக் குறைந்த மேக் முகவரி கொண்ட ஸ்விட்ச் ஆக்டிவ் ஆகிவிடும். நாங்கள் முதலாவதுக்கு 15-உம் நான்காவதுக்கு 14-உம் கொடுத்தோம். ஏற்கனவே ஒரு ஆக்டிவ் இருக்கும்போது அதிக முன்னுரிமையுள்ள ஸ்விட்ச் வந்து சேர்ந்தாலும் அது பதவியைப் பிடுங்குவதில்லை. இது நல்ல குணம், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கைத் தேவையில்லாமல் அசைக்காது.

அப்லிங்க்குகளை இரண்டாவது ஸ்விட்சிலும் ஐந்தாவது ஸ்விட்சிலும் வைத்து, இரண்டையும் ஒரே ஈதர்சேனலாக (ஒரே இணைப்பைப் போல இயங்கும் தொகுப்பாக) எல்ஏசிபி மூலம் கட்டினோம். ஆக்டிவ், ஸ்டாண்ட்பை ஆகிய இரண்டிலும் அப்லிங்க் வைக்கவில்லை. ஆக்டிவ் ஸ்விட்ச் மின்சாரம் இழந்தால் பொறுப்பு ஸ்டாண்ட்பைக்கு மாறுகிறது. அதே நொடியில் அப்லிங்க் ஒன்றும் போய், ஈதர்சேனலும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தால் இரண்டு மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கும். அவற்றைப் பிரித்து வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இரண்டு அப்லிங்க்கையும் ஒரே ஸ்விட்சின் ஒரே மாட்யூலில் செருகியிருக்கும் ஸ்டாக்குகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து ஓட்டை என்பதால் பேட்ச் கேபிள் அழகாக அமைகிறது. அந்த அழகுக்காக, அந்த ஒரு ஸ்விட்ச் போனால் மற்ற எல்லா ஸ்விட்சுகளும் உலகத்திலிருந்து துண்டிக்கப்படும் நிலையை ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்டாக் வாங்கியதன் நோக்கமே அங்கே தோற்றுவிடுகிறது.

எல்லாம் பொருத்திய பின், பயனர்கள் யாரும் இல்லாத ஓர் இரவில் வேண்டுமென்றே கேபிள்களைக் கழற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு ஸ்டாக் கேபிளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, தொடர் பிங்கை (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தியை) கவனித்து, மறுபடி மாட்டி, முழு வளையம் என்று உறுதி செய்த பிறகே அடுத்ததைத் தொட்டோம். அதிகம் போனால் ஒரு பிங் தவறியது. பெரும்பாலும் அதுவும் இல்லை. பிறகு ஆக்டிவ் ஸ்விட்சின் மின் இணைப்பைப் பிடுங்கினோம். அதில் செருகியிருந்த கணினிகள் மட்டும் போயின. மற்ற நான்கிலும் இருந்தவை ஓடிக்கொண்டே இருந்தன, நான்காவது ஸ்விட்ச் பொறுப்பேற்றுக்கொண்டது. இந்த இடத்தில் 9300-ஐ மனதாரப் பாராட்டுகிறேன். ஸ்டாண்ட்பை என்று ஒன்று எப்போதும் முழு நிலைத் தகவலோடு தயாராக நிற்பதால் மாற்றம் மிகவும் அமைதியாக நடக்கிறது.

மின்சாரத்துக்கும் இந்த ஸ்விட்சில் ஒரு தனி வளையம் உண்டு. ஸ்டாக்பவர் என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு ஸ்விட்சின் பவர் சப்ளை போனாலும் பக்கத்து ஸ்விட்சின் உபரி மின்சாரம் அதைத் தாங்கும். ஆனால் அதன் வளையத்தில் நான்கு ஸ்விட்ச் வரைதான் சேரலாம். ஐந்து வைத்திருப்பவர் மூன்றும் இரண்டுமாகப் பிரித்தாக வேண்டும். அதாவது தரவு வளையம் ஒன்று, மின் வளையங்கள் இரண்டு. கேபிள்கள் 30 செ.மீ., 1.5 மீ. என இரு நீளங்களில் வருகின்றன, முனைகளில் பச்சை, மஞ்சள் பட்டைகள் உண்டு. தரவு வளையத்தையும் மின் வளையத்தையும் ஒரே படத்தில் வரையாமல் இரண்டு தனித் தாளில் வரைந்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். எந்த ஸ்டாக்பவர் இருந்தாலும், ஒவ்வொரு ஸ்விட்சின் இரண்டு பவர் சப்ளையும் இரண்டு வெவ்வேறு மின் வழிகளுக்குப் போயாக வேண்டும் என்பது வேறு.

கேபிள்கள் போகும் பாதையைப் பற்றி இன்னொரு செய்தி. பின்பக்கத்தில் மூன்று விசிறி மாட்யூல்களும் இரண்டு பவர் சப்ளைகளும் இருக்கின்றன. இவையெல்லாம் ஓடும்போதே கழற்றி மாற்றக்கூடியவை. விறைப்பான ஸ்டாக் கேபிள் ஒரு விசிறியின் கைப்பிடிக்குக் குறுக்கே போய்விட்டால், விசிறியை மாற்ற ஸ்டாக் கேபிளைக் கழற்ற வேண்டியிருக்கும். ஓடும்போதே மாற்றலாம் என்ற வசதிக்கு அங்கே பொருளில்லாமல் போய்விடும். நாங்கள் முதலில் போட்ட பாதையில் ஓர் இடத்தில் இப்படி ஆனது. கேபிளை வெளிப்புறமாக வளைத்து மறுபடி பொருத்தினோம்.

புதிதாக ஒரு ஸ்விட்சைச் சேர்ப்பது பற்றி எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்து தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சை ஸ்டாக்கோடு இணைத்தால், இரண்டு ஆக்டிவ்கள் சந்தித்துத் தேர்தல் நடக்கும். தோற்ற பக்கம் முழுவதும் மறுபடி ஏறும். தோற்றது புதியதாக இருந்தால் தப்பித்தோம். பழைய ஸ்டாக்கே தோற்றால் அத்தனை பயனர்களும் ஒரே நேரத்தில் வெளியே. ஆகவே புதிய ஸ்விட்ச் மின்சாரம் இல்லாமலேயே ரேக்கில் ஏற வேண்டும். வளையத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறந்து, இரண்டு கேபிளையும் மாட்டிவிட்டு, பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்த இடைவேளையில் ஸ்டாக் அரை வளையமாக இருக்கிறது என்பதால் வேறு எதையும் தொடக் கூடாது. மென்பொருள் பதிப்பும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தானாகப் பதிப்பை ஒத்துக்கொள்ளச் செய்யும் வசதியைக் கான்ஃபிகரேஷனில் இயக்கலாம் என்றாலும், முன்கூட்டியே தனியாக ஏற்றி வைத்துக்கொண்டு சேர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

வகைகளைக் கலப்பதிலும் கவனம் வேண்டும். 9300எல் என்ற மலிவான மாடலின் ஸ்டாக்வைஸ்-320 வேறு வகை. அதற்கு ஸ்டாக் கிட் தனியாக வாங்க வேண்டும், அதைச் சாதாரண 9300-ஓடு சேர்க்கவும் முடியாது. 9300எக்ஸ் 1 டிபிபிஎஸ் (1000 ஜிபிபிஎஸ்) வளையம் கொண்டது. அதைச் சாதாரண 9300-ஓடு சேர்க்கலாம், ஆனால் வளையம் 480-க்கு இறங்கிவிடும். எழுத்து ஒன்றுதானே வேறு என்று ஆர்டர் செய்துவிட்டுத் திருப்பி அனுப்பியவர்களை அறிவேன்.

எங்கே இதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாக் எவ்வளவு நன்றாகக் கேபிளிடப்பட்டாலும் அது ஒரே மூளை கொண்ட ஒரே கருவி. வளையம் கேபிளின் சாவையும் ஸ்விட்சின் சாவையும் தாங்கும். தவறான ஒரு கட்டளையையோ மென்பொருளின் ஒரு பிழையையோ தாங்காது, ஏனெனில் அது ஐந்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். வழக்கமான முறையில் மென்பொருளை மேம்படுத்தினால் ஐந்தும் சேர்ந்தே மறுபடி ஏறும். ஒரு நிமிடமும் நிற்கக் கூடாத சர்வர்களுக்கும் கோர் அடுக்குக்கும், தனித்தனி மூளை கொண்ட இரண்டு ஸ்விட்சுகளை எம்லேக் முறையில் (தனித்தனி ஸ்விட்சுகளின் இணைப்புகள் எதிர்முனைக்கு ஒன்றாகத் தெரியும் முறையில்) இணைப்பதே சரி. அங்கே ஒன்றை நிறுத்தி மேம்படுத்தும்போது மற்றது சுமக்கும்.

ஸ்டாக் கேபிளின் 3 மீ. எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே ரேக்கிலோ பக்கத்து ரேக்கிலோ இருக்கும் ஸ்விட்சுகளைத்தான் இதால் இணைக்க முடியும். அரூபா சிஎக்ஸ் 6300 போன்றவை முன்பக்கத்து அப்லிங்க் போர்ட்டுகளையே ஸ்டாக்குக்குப் பயன்படுத்துவதால், ஃபைபர் வழியாக மாடி விட்டு மாடிகூட ஒரே ஸ்டாக்காக நீட்டலாம். பத்து ஸ்விட்ச் வரை சேர்க்கலாம். அதற்கு ஈடாக விலைமதிப்புள்ள அப்லிங்க் போர்ட்டுகளை இழக்கிறோம். ஒரே ரேக்கில் எல்லாம் முடிந்துவிடும் எங்களுக்கு 9300-இன் தனி ஸ்டாக் போர்ட்டுகளே ஏற்றவை. பரந்த கட்டடத்தில் சிதறிய ஸ்விட்சுகளை ஒன்றாக ஆள நினைப்பவருக்கு இது பொருந்தாது.

இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு ஸ்டாக் கேபிளை மாற்றியிருக்கிறோம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையிலான கேபிளில் அந்தப் போய்வந்த கணக்கு மூன்று வாரங்களில் இரண்டிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது. ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கியும் நிற்கவில்லை. ரேக்கின் உள்பக்கத்தில் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்த உபரி 50 செ.மீ. கேபிளை எடுத்து, பழைய சீட்டுகளைப் புதியதன் இரு முனையிலும் ஒட்டி, பகல் நேரத்திலேயே மாற்றினோம். வளையம் சில நிமிடங்கள் பாதியாக இருந்து மறுபடி முழுமையாயிற்று. பயனர்கள் யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே இன்னொரு உபரி கேபிளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். அந்தப் பை இப்போது மீண்டும் நிறைந்திருக்கிறது.